தூரத்துச் சில்லிலிருந்து

வண்டியின் பெயர் சன்னி.
அம்மா சனி என்றுதான் சொல்லுவா.
எண்பத்தாறில் யப்பானில் பிறந்து
நாலு கை மாறி
ஐந்தாவதாய் என் தலையில் ஏறியது.
ஏழரை முடிய இன்னும் நாலு வருஷம் இருக்காம்.

ஒவ்வொரு குழிக்கும் மூக்கைக் குத்தி வணங்கும்.
ஆமர் வீதிச் சந்தியில் பிரேக்கை மிதித்தால்
யோசித்துச் சொல்கிறேன் என்பது போல
முன்னால் நிற்கும் பஸ்ஸின் முதுகு வரை போகும்.
அந்த பஸ்ஸில் எழுதியிருந்ததை
நான் அவ்வளவு கிட்டத்தில் வாசித்திருக்கக் கூடாது.

போனஸ் வந்த கையோடு பஞ்சிகாவத்தை.
கூரை முட்டக் கதவுகள், முகமில்லாத முன்விளக்குகள்,
பாதியாய் அறுபட்டுக் கப்பலில் வந்த கார்கள்.
நஸ்வர் நானா ஓர் எஞ்சினைத் தட்டிக் காட்டினார்:
"இதப் போடுங்க தங்கச்சி. பறக்கும்."
"நிக்கிறதுக்கு என்ன இருக்கு நானா?"
அவர் சிரிக்கவில்லை.
உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.
வந்தபோது மார்போடு அணைத்தபடி
பெரிய வண்டியொன்றின் முன் டிஸ்க்குகள்,
தோசைக்கல் கனம், நடுவில் காற்றோட வாய் வைத்தவை.
இரண்டு கலிப்பர். ஒரு மாஸ்டர் சிலிண்டர்.
ஷொக் அப்சோபர் மட்டும் புதுசு எடுங்க என்றார்,
"மௌத்தானவன்ட முழங்கால வாங்க வாணாம்."

ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டு, பதிந்து வடிவாயிருக்கும்
என்றான் அலுவலகத்து டிலுக்ஷன்.
எங்கள் ஒழுங்கையில் வடிகான் மூடிகள்
வீதியை விட நாலு விரல் உயரம்.
வெட்டவில்லை.

பிறகு மூன்று ஞாயிறுகள்.
நாற்பது வருஷத்துத் துருவோடு
ஒரு போல்ட் முழுப் பகலும் வழக்காடியது.
கொட்டாஞ்சேனைக் கோயில் மணி அடிக்க அடிக்க
நான் கெட்ட வார்த்தை சொன்னேன்.

மூன்றாம் ஞாயிறு, இரவு பத்தரை.
எல்லாம் பூட்டியாச்சு. குழாய்க்குள் காற்று.
டிஸ்க்குக்குக் காற்று வேணும், குழாய்க்கு ஆகாது.
எடுக்க இரண்டு பேர் வேணும்,
ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் திறக்க.
அம்மாவுக்குக் கால் வீக்கம்.
டிலுக்ஷன் போனை எடுக்கவில்லை.

அப்போது இறங்கி வந்தார்
மாடிவீட்டுச் சங்கச் செயலாளர் மிஸ்டர் மிராண்டோ,
சாரமும் பெனியனும் டோர்ச் லைட்டும்,
தரையின் ஒயில் கறை பற்றி மூன்றாவது கடிதமுமாய்.

"கடிதத்தை டாஷ்போர்ட்டில் வையுங்கோ சேர்.
ஏறி இருங்கோ."
ஏன் ஏறினார் என்று அவருக்கும் தெரியாது.

தூரத்துச் சில்லிலிருந்து தொடங்க வேணும். பின் இடது.
குளிர்ந்த சீமெந்தில் மல்லாந்து கிடந்தேன்.
மிதியுங்கோ. மிதியுங்கோ. மிதியுங்கோ. பிடியுங்கோ.
ஸ்பானரைக் கால் சுற்றுத் திருப்ப,
"பிள்ளை, போகுது! கீழே போகுது!"
"போகட்டும். காலை எடுக்காதேங்கோ."
கண்ணாடிக் குழாய்க்குள் முத்து முத்தாய்க் காற்று
நெக்டோ போத்தலில் இறங்கியது.
பூட்டினேன். இப்ப விடுங்கோ.

இரண்டாம் சில்லில் அவரே எண்ணத் தொடங்கினார்.
மூன்றாவதில் பொருளாளரைப் பற்றி:
தண்ணீர்ப் பம்பின் கணக்கு இடிக்குது,
நான் சொன்னதென்று வெளியில் விடாதே.
நாலாவதில் பேச்சில்லை.
மிதித்தார். நின்றது.
இன்னொரு தரம் மிதித்தார்.
"கல்லு மாதிரி இருக்கு" என்றார்
கல்லைத் தானே செய்தவர் போல.
ஒற்றைச் செருப்போடு மேலே ஏறிப் போனார்.

காலை ஐந்தரை. ஆமர் வீதி.
கையும் காட்டாமல் குறுக்கே வெட்டியது ஓர் ஓட்டோ.
எனக்கு முன்னால் என் கால் முடிவெடுத்தது.
மூக்கு வணங்கவில்லை.
நடுவில் இரண்டு முழ இடம் மிச்சமிருந்தது,
அதில் ஒரு நாய் அவசரமில்லாமல் கடந்தது.
புது பேட் கருகும் மணம்.
டாஷ்போர்ட்டின் கடிதம் வழுக்கிக்கொண்டு போய்
கண்ணாடியில் முட்டி விரிந்திருந்தது:
மேற்படி வண்டியை உடனடியாக நிறுத்துமாறு.

பச்சை விழுந்தது.
ஓட்டுகிறேன், செருப்பைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு.
பின் இடதில் இன்னும் ஏதோ
டொக் என்கிறது.